கோல் அடித்தவர் பெயர்

பதினான்கு ஆட்டம். பன்னிரண்டு தோல்வி.
ஒரு சமநிலை, அதுவும் மழை தந்தது.
ஒரு வெற்றி.
அதைச் சொல்லத்தான் வந்தேன்,
ஆனால் நேராக அங்கே போக எனக்கு வராது.

வாரநாளில் நான் மில்லில் கிராணி.
லாரி லாரியாய் வரும் செம்பனைக் குலைக்கு
எடைச்சீட்டு எழுதுவேன்.
சனிக்கிழமை புக்கிட் செராயா ஹாக்கி அணிக்கு
ஆட்டச்சீட்டு.
இரண்டுக்கும் ஒரே பேனா.
எடைச்சீட்டில்தான் எண் கூடினால் சந்தோஷம்.

போன வருஷம் ஜெயித்து மேல் டிவிஷனுக்கு வந்தபோது
மில்காரர்கள் பஸ் கொடுத்தார்கள்,
பச்சை ஜெர்சி கொடுத்தார்கள்,
சம்பளம் என்று ஒன்றையும் கொடுத்தார்கள்.
ஒட்டுக்கடை ராயப்பன் தே தாரேக்குக்கு
‘சாம்பியன் தே’ என்று பெயர் வைத்து
இருபது காசு ஏற்றினார்.
ஜூன் மாதம் சத்தமில்லாமல் இறக்கினார்.

மேல் டிவிஷனுக்குப் புல்தரை ஆகாதாம்.
நீலக் கம்பளம் வேண்டுமாம்.
அது பட்டணத்தில், அறுபத்து மூன்று கிலோமீட்டரில்.
ஆக, சொந்த மைதானத்து ஆட்டத்துக்கும்
பஸ்ஸேறித்தான் போனோம்.
எங்கள் பக்கத்து இருக்கைகளில்
நான், டிரைவர் பாக் மான்,
கோலி லோகேந்திரனின் மனைவி,
அவள் மடியில் தூங்கும் குழந்தை.
கூட்டம் அவ்வளவுதான்.

ஐந்து–ஒன்று. ஏழு–பூஜ்யம்.
இதெல்லாம் மறந்துவிடும்.
நான்கு–மூன்று மறக்காது:
கடைசி நிமிடம், பெனால்டி கார்னர்,
ஸுல்கர்னைன் அடித்த பந்து கம்பத்தில் பட்டது,
காலி எண்ணெய்த் தகரத்தை
யாரோ உதைத்ததுபோல.

ஜூலையில் சம்பளம் நின்றது.
லாகூரிலிருந்து வந்த இருவரும்
ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டார்கள்.
ஒருவர் காலணியை விட்டுப் போனார்,
பதினோராம் எண். அணியில் யாருக்கும் பொருந்தவில்லை.
பல்ஜீத் கோச் அதைப் பின்சீட்டிலேயே வைத்திருந்தார்,
ஆள் திரும்புவார் என்றோ
விற்கலாம் என்றோ.
நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது ஆட்டம்.
எதிரணியின் பஸ் ஹைவேயில் எங்கோ
புகைந்து நின்றுவிட்டதாம்.
அரைமணி நேரம் காத்திருந்தோம்.
நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
வாசலைப் பார்த்தார்,
விசில் ஊதினார்.
வாக்ஓவர். மூன்று–பூஜ்யம்.

யாரும் கைதட்டவில்லை.
பிறகு லோகேந்திரன்,
சீசன் முழுக்க வலைக்குள் குனிந்து
ஐம்பத்தொரு பந்து பொறுக்கியவன்,
கால் மெத்தைகளோடு தத்தித் தத்தி
நடுக்கோட்டைத் தாண்டி ஓடினான்.
காலியாய்க் கிடந்த அந்தக் கோலுக்குள்
பந்தைத் தள்ளினான்.
அது மிக மெதுவாக உருண்டு போனது,
எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அப்புறம் ஆளாளுக்கு.
கோச் ஒன்று. பாக் மான்
செருப்புக்காலோடு ஒன்று, அது வேலிக்கு மேல் போனது.
சீசனில் மொத்தம் பதினோரு நிமிடம் ஆடிய
மாற்றுக்காரன் பிரகதீஸ்
நாலு அடித்தான்.
குழந்தை விழித்து அழுதது.

சீட்டில் ஒரு கட்டம் உண்டு: கோல் அடித்தவர் பெயர்.
விதிப்படி அங்கே கோடு போடவேண்டும்.
பொய் எடை எழுதிப் பழக்கமில்லை எனக்கு,
கோடுதான் போட்டேன்.
கொஞ்சம் நீளமாக,
கட்டத்தைத் தாண்டி, ஓரம் வரைக்கும்.

மிச்ச இரண்டையும் தோற்றோம்.
மில்லின் கடிதம் இரண்டே வரி,
அடுத்த வருஷம் அணி இல்லை.
பஸ்ஸில் இப்போது உரமூட்டை போகிறது.

திங்கட்கிழமை முதல் லாரியில் பிரகதீஸ் வந்தான்.
சீட்டை வாங்கிக்கொண்டு, “நாலு” என்றான்.
“என்ன நாலு? எட்டே கால் டன்.”
“என் கோல்க்கா.”
பின்னால் இன்னொரு லாரி
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.