எட்டாவது

பழைய கம்பெனியை விட்டுவிடுவதென்று முடிவானது
ஆடி மூன்றாம் வெள்ளி,
கோயில் வளைவு ஏற்றிவந்த லாரி
அம்மாபேட்டையில் எங்கள் தெருமுனை ஒயரை
மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு போன பிறகு.
அந்த மாதத்தில் அது மூன்றாம் முறை.
முதல் முறை பாதாளச் சாக்கடைக்காரர்கள்.
இரண்டாம் முறைக்கு இன்றுவரை
காரணம் சொல்லவில்லை.

நான் ராத்திரியில் வேலை பார்க்கிறவள்.
எந்த ஊரிலோ எவருக்கோ பித்தப்பை எடுத்ததை
எண்ணாக மாற்றி அனுப்பினால் எனக்குச் சம்பளம்.
திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால்
சேர்ந்து சுற்றுவது என் மாதத் தவணைகள்.

விலகுகிறேன் என்றதும்
ஐந்து வருடமாய் எடுக்காத இடத்திலிருந்து
ஒரே நாளில் நான்கு அழைப்புகள்.
“ஏன் மேடம் போறீங்க?”
இரண்டு மாதம் இலவசம் என்றாள் அந்தப் பெண்.
வேகத்தை இரட்டிப்பாக்குகிறோம் என்றாள்.
“இத்தனை நாள் அதை எந்தப் பரணில் வெச்சிருந்தீங்க?”
சிரித்துவிட்டாள்.
அழைப்பு பதிவாகிறது என்பது ஞாபகம் வந்து
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
அவளை விடத்தான் மனசு வரவில்லை.

புதுக் கம்பெனியிலிருந்து மாதேஷ் வந்தான்.
மொட்டைமாடியில் சம்மணமிட்டு
முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை
இன்னொரு இழையோடு சேர்த்துச் சுட்டான்.
“ஆறட்டும்க்கா, தொட்டுடாதீங்க” என்றான்,
சாதத்தை இறக்கி வைத்தவன் மாதிரி.
அவனுக்குப் பின்னால் ஏற்காட்டு மலை.
மேகம் இறங்கி, பாதிக்குமேல் காணோம்.

கீழே வந்து பழைய பெட்டியைத் திறந்து பார்த்தான்.
“மொத்தம் எட்டு ஓடுதுக்கா.”
எண்ணினேன்.
என் லேப்டாப், இரண்டு போன், டிவி,
மகள் விட்டுப்போன பழைய போன்,
பிரிண்டர், வாசல் கேமரா.
ஏழு.
எட்டாவதின் பெயரை வாசித்தான்:
தர்ஷித் டேப்.

பக்கத்து வீட்டு சித்தையனின் பையன்.
காம்பவுண்டு சுவரில் முக்கால் அடிக்காக
சர்வேயர் சங்கிலி போட்டு அளந்த நாளிலிருந்து
இரண்டு வருடம் நாலு மாதமாகப் பேச்சில்லை.
அவர்கள் வீட்டுப் பத்திரிகை
எங்கள் கேட்டைத் தாண்டி, கடைசி வீடுவரை போனது.

குணசீலன் பெட்டியின் பச்சை விளக்கையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
இருபத்திரண்டு வருடத்தில்
எந்த விளக்கையும் அப்படிப் பார்த்ததில்லை.
“பையனுக்குக் கெமிஸ்ட்ரி வரல” என்றார்.
அவ்வளவுதான் வாக்குமூலம்.

பாஸ்வேர்டு என் பெயரும் கல்யாண வருஷமும்.
அந்த வீட்டில் என் பெயரை வாயால் சொல்வதில்லை.
“அந்தப் பொம்பளை” என்றுதான் சுவர் வழியாகக் கேட்கும்.
விரலால் சொல்லியிருக்கிறார்கள்,
எழுத்துப் பிசகாமல்.

“புதுசா என்னக்கா போடட்டும்?” மாதேஷ் கேட்டான்.
முக்காலடி என்று வாய்வரை வந்தது.
“பழைய பேரும் பாஸ்வேர்டும் அப்படியே போட்டா
எல்லாம் தானா வந்து சேர்ந்துக்கும்.
மாத்தினா ஒவ்வொண்ணா நீங்கதான் சேர்க்கணும்.”
குணசீலன் என்னைப் பார்க்கவில்லை.
எனக்கு ஒன்பது மணிக்கு ஷிஃப்ட்.
ஒவ்வொன்றாகச் சேர்க்க நேரமேது,
அப்படியே போடு என்றேன்.
அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

ஏழு கால் மணிநேரத்தில் வந்துவிட்டன,
பிரிண்டர்கூட.
எட்டாவது வரவில்லை.
ட்யூஷன் விட்டு சைக்கிள் சத்தம் கேட்டது
ஏழு நாற்பதுக்கு.
ஏழு நாற்பத்திரண்டுக்கு எட்டு.
போனில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில்
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

சர்வேயருக்குக் கட்டிய நாலாயிரத்தை
நான் மறந்துவிடவில்லை.
அந்த முக்கால் அடி எங்களுடையதுதான்.

பழைய ஒயரை எடுத்துப்போக
இதுவரை ஒருவரும் வரவில்லை.
கம்பத்திலிருந்து அவர்கள் மாடிமேல் தாழ்ந்து தொங்கி
எங்கள் சுவருக்கு வருகிறது.
இன்று காலை அதில் காய்ந்துகொண்டிருந்தது
சித்தையன் வீட்டு ஈரத்துண்டு ஒன்று,
கிளிப் போட்டு.