எத்தனையாமவர்

டானிங்டனில் ஜெராக்ஸ் கடை மாடியில்
பெள்ளிராஜின் மேசை.
ஹீட்டருக்கு ஒரு கால் இல்லை,
பழைய டைரியை முட்டுக் கொடுத்திருந்தார்.

குறைக்கத்தான் போயிருந்தேன்.
பதினான்கு வயது ஆல்ட்டோ.
அதற்குக் கம்பெனி போட்டிருந்த மதிப்பு
தொண்ணூற்று இரண்டாயிரம்.
போன வருடம் ஒரு லட்சத்து நாலு.
கிளட்ச் மாற்றியது, நாலு டயர் போட்டது,
பின்சீட்டில் வாந்தி வாடை போகக்
காப்பித்தூளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டது
எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

"முழுசாப் போட்டா எட்டாயிரத்துச் சொச்சம், டீச்சர்.
மூணாம் நபருக்கு மட்டும்னா மூவாயிரத்துக்குள்ள."

மிச்சம் ஐந்தாயிரம்.
மகனின் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு
ஒன்றரை மாதம், முட்டை நீங்கலாக.

மூவாயிரத்தில் எதெல்லாம் கிடைக்காது என்றேன்.
விரல் மடக்கினார்:
மரம் விழுந்தால்.
மண் சரிந்தால்.
மஞ்சு மூடித் தடுப்புச்சுவரில் உரசினால்.
காட்டெருமை வந்து சாய்ந்துகொண்டால்.

"சாய்ந்துகொண்டாலா?"

"எங்க சித்தப்பா வண்டியில
முதுகு சொறிஞ்சுட்டுப் போச்சுங்க.
ரெண்டு கதவும் உள்ள போயிருச்சு.
அது திரும்பிக்கூடப் பாக்கல."

அந்தத் தகரத்துக்கா ஐந்தாயிரம்?
ஷபீர் பட்டறையில் சுத்தியலால் தட்டி
இரண்டாயிரத்துக்குள் நிமிர்த்திவிடுவான்.
பேனாவைத் திறந்தேன்.

மூன்றாம் நபர்.

பையில் எட்டாம் வகுப்புத் தாள்கள் முப்பத்தொன்று,
இன்னும் திருத்தவில்லை.
மூவிடம் விளக்குக என்று நானே கேட்டிருந்தேன்.
தன்மை, நான்.
முன்னிலை, கம்பெனி;
நேரில் பார்த்திராத, நீ என்றும் நீங்கள் என்றும்
கூப்பிட முடியாத ஒரு முன்னிலை.
படர்க்கை, வளைவில் எதிரே வரும் பைக்,
கொழுந்து மூட்டையோடு ஓரமாக நடப்பவள்.
அவள் உயிருக்கு ஒன்று ஆகிவிட்டால்?
"அதுக்கு லிமிட்டே கிடையாது டீச்சர்,
கோர்ட்டு சொல்றதுதான்."

சரி.
என் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்
எத்தனையாமவர்?

பெள்ளிராஜ் கொஞ்சம் யோசித்தார்.
"இதுல அவங்க வரமாட்டாங்க.
முழுசாப் போட்டாத்தான்."

பஸ் வராத காலைகளில்
கட்டபெட்டு ரோட்டில் கைகாட்டுபவர்கள்.
இரவு ஷிப்ட் முடித்த எஸ்தர்,
ஏறியதும் தூங்கி
இடது வளைவு ஒவ்வொன்றிலும்
என் தோளில் விழுந்து எழுவாள்.
மாதம்மா, மடியில் பால் கேன்.
செபமாலை அண்ணன் முதல் நாள்
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார்;
திட்டிய பிறகுதான் போட்டார்.
வாந்திக்கு முன்கூட்டியே கறுப்புக் கவரோடு வரும்
அவர் மகன்.
யாரும் காசு தந்ததில்லை.
எப்போதாவது மண்ணோடு இரண்டு கேரட்.

இலக்கணத்தில் இவர்களுக்கு இடம் உண்டு.
உளப்பாட்டுத் தன்மைப் பன்மை.
கதவு சாத்தியதும்
நான் நாமாகிவிடும்.
பிள்ளைகள் இதை எப்போதும் தப்பாகத்தான் எழுதுவார்கள்.
படிவத்திலும் அந்தக் கட்டம் இல்லை.

"முழுசாவே போட்டுடுங்க.
சாவி தொலைஞ்சா, நடுவழியில நின்னா,
அந்த உபரியெல்லாம் வேண்டாம்."
"வண்டி மேல இவ்வளவு பாசமா டீச்சர்?"
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.
விளக்கப்போனால் ஹீட்டர் அணைந்துவிடும் நேரம்.

ராத்திரி, வண்டியை
சில்வர் ஓக் அடியிலிருந்து
நாலடி தள்ளி நிறுத்தினேன்.
மகனுக்கு போன் போட்டேன்.
முட்டையைப் பற்றிப் பேசாமலே வைத்துவிட்டேன்.

காலையில் எஸ்தர் ஏறினாள்,
கண் பாதி மூடியபடி.
"பெல்ட் போடு."
இத்தனை நாள் சொன்னதில்லை.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்,
நேற்று ஏதாவது
தப்பாகப் பேசிவிட்டோமா என்பது போல.