வட்டத்துக்குக் காத்திருந்த ஆமை

சட்பரி. பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
பள்ளி நூலகத்தின் பின்னறையில்
இருபத்துமூன்று பச்சைக் கணினிகள்
காதுகளை மடக்கிப் படுத்திருக்கின்றன.
பாட்டரி செத்தவை.
ரப்பர் விசைகளில் பழைய பசை, உலர்ந்த பழச்சாறு.
இருபத்துநாலாவது மட்டும்
சுவரில் செருகினால் கண் விழிக்கிறது.

ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட
கறுப்பு மடிக்கணினிகளை
மேசையில் அடுக்கிவிட்டுச் சொன்னார் ஓடெட் லாப்ரெக்:
"அதில் இருப்பது இதில் ஓட வேண்டும்.
திங்கட்கிழமைக்குள்."
சம்பளம், காப்பியும்
வண்டி நிறுத்த ஓர் அனுமதிச் சீட்டும்.

டெபியன் ஏற்றினேன். நிரலைக் கொண்டுவந்து வைத்தேன்.
எழுந்தது.
எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய்.
பொத்தான்கள் திரையின் அடிவிளிம்பைத் தாண்டி
எங்கோ தரையில் விழுந்து கிடந்தன.
அகலம் ஆயிரத்திருநூறு, உயரம் தொள்ளாயிரம் என்று
நாற்பத்தோரு இடத்தில் கையால் எழுதிவைத்திருக்கிறார்
உலகத்தில் வேறு திரையே முளைக்காது என்று
நம்பிய ஒருவர்.
திட்டிக்கொண்டே நாற்பதை மாற்றினேன்.
நாற்பத்தோராவது அகப்பட்டபோது
இரவு ஒரு மணி.

பிறகு ஆமை.
பச்சைக் கணினியின் திரையோரம்
வட்டம், சதுரம், சரிக்குறி, பெருக்கல் என்று
நான்கு விசைகள் உண்டு.
வட்டத்தை அழுத்தினால் ஆமை கோடு வரையும்.
கறுப்பில் வட்டம் இல்லை.
ஆமை நின்றது.
பிழைச்செய்தி இல்லை, முறைப்பு இல்லை,
மின்விசிறி கூடச் சுழலவில்லை.
வராத ஒன்றுக்கு இத்தனை நிதானமாகக் காத்திருக்க
எனக்கு வராது.
நான் எட்டு நிமிடம் பிந்திய பேருந்தைச் சபிக்கிறவள்.
எண்பட்டையின் ஒன்பதை
வட்டம் என்று நம்பவைத்தேன்.
உடனே நடந்தது,
நடுவில் எதுவும் நடக்காததுபோல.

தொலைபேசியில் அத்தான் சிரித்தார்:
"உன் கதைதானே இது, நாடு விட்டு நாடு."
இல்லை அத்தான்.
என்னை யாரும் உட்கார்ந்து
வரிவரியாகத் திருத்தவில்லை.
ஒரு குளிர்கோட்டு கொடுத்தார்கள்.
அதுவும் அளவு பெரிது.

கடைசியாக நாட்குறிப்பு.
அந்தக் கணினிக்குச் 'சேமி' என்ற சொல் தெரியாது.
பிள்ளைகள் தொட்டதெல்லாம்
தானாகப் போய் அதில் விழும்.
மீன் படம், பாதிக் கணக்கு,
முழுக்க ஒரே எழுத்தாக நாலு பக்கம்.
ஒன்றுக்குத் தலைப்பில்லை. ஒலி. பதினோரு நொடி.

கறுப்புக் கணினி பேசியது,
கனத்த ஆண்குரலில், சேற்றில் கால் இழுத்து:
"என் பேர் டார்சி. பனி வண்டி வருது. கேளுங்க."
அப்புறம் நிலத்துக்கடியில் ஏதோ உறுமியது.

பூட்டச் சாவியோடு வந்த ஓடெட்
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"டார்சி எப்போது வந்தான்?"
போன வாரம் கொதிகலன் பழுதுபார்க்க வந்தவனாம்.
இதே குரலாம்.

விளக்கினேன்.
நொடிக்குப் பதினாறாயிரம் துண்டாகப் பதிந்த ஒலியை
எட்டாயிரம் என்று எண்ணி
இந்தப் பெட்டி இழுக்கிறது.
பதினொன்று இருபத்திரண்டாக நீள்கிறது.
ஒரே ஓர் எண்தான்.
மாற்றினேன். ஓட்டினேன்.
முன்பல் விழுந்த ஏழு வயது
கீச்சென்று தன் பேரைச் சொன்னது.
பனி வண்டி மணியடித்துக்கொண்டு கடந்து போனது.

ஓடெட் சாவியை மேசையில் வைத்தார்.
"பிழையோடு ஒரு தடவை போடேன்."

போட்டேன். கேட்டோம்.
திரும்பச் சரிசெய்தேன்.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
ஒலி வேகம் திருத்தப்பட்டது.
இன்னும் எழுத அங்கே இடமிருந்தது.

காமிராவில் என் முகம் இப்போதும் தலைகீழ்.
ஞாயிறு இருக்கிறது.