காற்றுக்கு விட்டது

ஐப்பசியில் கவிழ்த்த பரிசலைப்
பங்குனியில்தான் புரட்டினோம்.
அடியிலிருந்து இரண்டு ஓணான்கள் ஓடின.
ஒரு செருப்பு ஓடவில்லை.
இடது கால். அவருடையது.
அவர் ஓட்டும் லாரி
இந்நேரம் நாக்பூரைத் தாண்டியிருக்கும்,
வெங்காயத்தோடோ, வெறுமனேயோ.

பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
முன்னால் நடந்தாள் அடைக்கலமேரி.
என் நாத்தனார்.
பின்னாலிருந்து பார்த்தால்
இரண்டு கால் முளைத்த கறுப்பு ஆமை.
கோழிக்குடல் வாளியும் தங்கூசிச் சுருளும்
என் கையில்.
போன வருஷம் தண்ணீர் நின்ற இடத்தில்
யாரோ எள் விதைத்திருந்தார்கள்.
வரப்பில் நடந்து
பண்ணவாடித் துறைக்கு இறங்கும்போது
இன்னும் விடியவில்லை.

நடுத்தண்ணீருக்குப் போனதும் சொன்னாள்:
"துடுப்பை உள்ளே போடு.
இனிமே காத்து பாத்துக்கும்."

வெயில் ஏற ஏறக்
குழியில் கிடந்த கெளுத்தி மேலே வருமாம்.
நாம் தேடிப் போகக் கூடாதாம்.
தூண்டில் தரையை உரசிக்கொண்டே
நம் பின்னால் வர வேண்டும்,
கடைக்குப் போகும் அம்மா பின்னால்
மிட்டாய்க்கு அழும் பிள்ளை மாதிரி.

பரிசலுக்கு முன்பக்கம் என்று ஒன்றில்லை.
நாகமரைக் கரை வந்தது.
தண்ணீர் வடிந்து தலை நீட்டிய
பழைய கோவில் கோபுரம் வந்தது,
அதன் மேல் இறகு காயவைக்கும் நீர்க்காகம்.
பிறகு பாலமலை.
பிறகு மறுபடி நாகமரை.
நான் அசையவே இல்லை,
உலகம்தான் ராட்டினம் ஏறியிருந்தது.

மூன்றாவது சுற்றில் கேட்டுவிட்டேன்,
லைசென்ஸுக்கு என்று வாங்கிய எட்டாயிரத்தை.
"கரையில கேக்க மாட்டியா?"
"கரையில நீ நிக்கறதே இல்லையே."
"எங்கண்ணன் காசுதானே?"
"என் கம்மல்."

அதன்பின் பேச்சில்லை.
வீடாக இருந்தால்
அவள் கதவைச் சாத்துவாள்,
நான் பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன்.
பரிசலில் கோபித்துத் திரும்பி உட்கார முடியாது.
ஒருத்தி நகர்ந்தால்
இன்னொருத்தி பக்கம் தண்ணீர் ஏறும்.
முட்டிக்கு முட்டி இடிக்க
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க
அவள் வாளியைப் பார்த்தாள்,
நான் நீர்க்காகத்தை.

அப்போதுதான் தங்கூசி
என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

"விடு! விட்டுப் புடி!"
விட்டேன். பிடித்தேன். விட்டேன்.
பரிசல் எதிர்ப்பக்கம் சுழன்றது,
மலைகள் பின்னோக்கி ஓடின.
மேலே வந்தது
மஞ்சள் வயிறு, நாலு ஜோடி மீசை,
இந்த வருஷத்தின் முதல் கெளுத்தி.

மீன் பேசாது என்று யார் சொன்னது?
கர்ர் என்றது. மறுபடி கர்ர்.
என் பக்கம் நியாயம் இருப்பதாக
அது சொன்னது போலவே எனக்குப் பட்டது.
உச்சிக் குளிரில் தலையைப் பிடித்தேன்.
செதிலோரத்து முள்
பெருவிரலில் இறங்கியது.

பிரசவத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

அடைக்கலமேரி என் கையை இழுத்து
ரத்தம் கறுப்பு மாறிச் சிவப்பாகும்வரை பிதுக்கினாள்.
வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு தடவினாள்.
முந்தானை ஓரத்தைப் பல்லால் கிழித்துக் கட்டினாள்.
அவளிடம் இருக்கும் நல்ல புடவைகள் இரண்டு.
இது அதில் ஒன்று.
எதற்கு இதைக் கட்டி வந்தாள் என்று கேட்கவில்லை.
"மொத நாளாச்சே" என்றாள் அவளாகவே.

பிறகு நாலு மீன். எல்லாம் அவளுக்கு.
தலை நிமிர்ந்தால்
காற்று எங்களை நாகமரைப் பக்கமே ஒதுக்கியிருந்தது.
திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று.
ஒற்றைத் துடுப்பு, ஒற்றை ஆள்.
நான் கட்டுப்போட்ட விரலை
சிலுவைக்கொடி மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தேன்.
அவள் சிரித்துவிட்டாள். துடுப்பு தவறியது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை.
கரையிலேயே ஆள் நின்றது.
மூன்று கிலோ இருநூறு,
அறுநூற்று நாற்பது ரூபாய்.
ஈரத்தோடு என் மடியில் வைத்தாள்.
"ஏழாயிரத்து முன்னூத்தி அறுவது பாக்கி" என்றாள்,
நான் கடன்பட்டவள் போலக் குரலை உயர்த்தி.

ராத்திரி விரல் தனியாகத் துடித்தது.
அவர் போன் செய்தார்.
முதல் நாள் எப்படி என்றார்.
எவ்வளவோ இருந்தது.
"உங்க செருப்பு கெடச்சுது" என்றேன்.
"எந்தக் கால்?" என்றார்.