கிடைத்தல்

இருபத்தொன்பதாம் வாரம்.
வெள்ளவத்தை, ஆறாவது மாடி.
கீழே கடலோர ரயில் போகும்போதெல்லாம்
மேசைமேல் தண்ணீர் டம்ளர் லேசாக நடுங்கும்.
நாயகம் மூன்று கோப்புகளைப் பரப்பி வைத்திருக்கிறான்.
எனக்கு முன் வந்த ஜாதகங்களை அவன் அப்பா
இப்படித்தான் பரப்பி வைத்திருப்பார்.

நீலக் கோப்பு, கொழும்பு.
காப்பீட்டுத் தாள், பதினேழாம் பக்கம்:
பணியில் சேர்ந்து பத்து மாதம் முடிந்திருந்தால் மட்டும்
பிரசவச் செலவு உண்டு.
விரல்விட்டு எண்ணுகிறோம்,
எனக்கு நாள் தள்ளிப்போனதிலிருந்து அல்ல,
துறைமுக வேலையில் அவன் கையெழுத்துப் போட்ட
பிப்ரவரிக் கடைசியிலிருந்து.
நாலு நாள் இடிக்கிறது.
"நாலே நாள், பொறுத்துக்கோயேன்" என்று
என் வயிற்றிடம் கேட்டான்.
சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

மஞ்சள் கோப்பு, தூத்துக்குடி.
தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று சட்டமில்லை,
ஆனால் அம்மா சட்டத்தைவிடச் சத்தமாகப் பேசுவாள்.
அங்கே பிறந்தால் கேள்வியே இல்லை.
இங்கே, பிறந்த மண் என்பதற்காக மட்டும்
எந்தக் குழந்தையையும் மண் தன்னுடையது என்று சொல்லாது.
ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும்,
வேறு நாட்டு பாஸ்போர்ட் எதுவும் தன்னிடம் இல்லையென்று
அழ மட்டுமே தெரிந்த ஒன்றின் சார்பில்
நாங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும்.
முப்பத்தைந்து வாரத்துக்குமேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.
வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன்,
என் சுண்டுவிரல் நகம் அளவுதான் கடல்.

பச்சைக் கோப்பு மெலிசு, ஒரே தாள்.
மிசிசாகாவிலிருந்து அவன் அக்கா கலாவல்லி:
"டூரிஸ்ட் விசாவுல வந்துடுங்க,
பொறந்தாலே கனடியன். அப்புறம் அதோட வாழ்க்கை."
இன்னும் கண் திறக்காததன்
இருபதாவது வயதுக்காக
இப்போதே பேரம் பேசச் சொல்கிறாள்.
ஆஸ்பத்திரி முன்பணத்தை
நாயகம் ரூபாயில் மாற்றிப் பார்த்தான்.
எங்கள் ரூபாயிலா, இவர்கள் ரூபாயிலா என்றேன்.
இரண்டிலுமே இல்லை.

நாரஹேன்பிட்டிக்குப் போகும் வழியில்
ஆட்டோக்காரர் போகவந்தலாவைக்காரர்.
போனில் நான் பேசியதைக் கேட்டிருப்பார்.
"எங்கப்பா இங்கதாங்க பொறந்தாரு.
நாப்பது வயசுவரைக்கும் அவருக்கு
இந்த நாடும் இல்ல, ஒங்க நாடும் இல்ல" என்றார்.
"எந்த ஆஸ்பத்திரியில பிறந்தார்?"
கேட்ட பிறகுதான் உறைத்தது.
"லயத்துலதான். ரசீதெல்லாம் கெடையாது."
மீட்டரில் முந்நூற்றெண்பது.
மீதி இருபதை வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிளினிக்கில் நர்ஸ் ஜெயசௌந்தரி, வல்வெட்டித்துறை.
நான் காப்பீடு என்றால் அவள் காப்புறுதி என்பாள்.
என் பாஸ்போர்ட் அவளுக்குக் கடவுச்சீட்டு.
பிரஷர் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டாள்:
"பிள்ளை எங்க கிடைக்கப்போகுது?"

ஒரு நிமிடம் விழித்தேன்.
எங்கள் ஊரில் வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும்,
அதிர்ஷ்டம் இருந்தால்
திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும்.
பிள்ளை பிறக்கும், அவ்வளவுதான்.
மூன்று கோப்பிலும் தேடினாலும்
இந்தச் சொல் இருக்காது.

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.
காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
"சரி, கொழும்பு எண்டு போட்டுவிடுறன்.
மாறினா அழிக்கலாம்."
அட்டையில் இடம் என்ற கட்டத்துக்குள்
சாம்பல் நிறத்தில் ஒரு நகரம்.
"பயப்பிடாதேங்கோ. நல்லபடியாக் கிடைக்கும்."

வீடு திரும்பும்போது மழை.
நாயகம் கால்குலேட்டரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.
"என்ன சொன்னாங்க?"
"கிடைக்குமாம்" என்றேன்.
சட்டென்று நிமிர்ந்தான், முகமெல்லாம் வெளிச்சம்.
"எது, கிளெய்மா?"