காணாக்கடி

முதலில் கருவாட்டை நிறுத்தினேன்.
பிறகு கத்திரிக்காய். பிறகு முட்டை.
சோப்பை மாற்றினேன், பாயை வெயிலில் உதறினேன்,
எதிர்வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டேன்.
காணாக்கடி என்றார் வீட்டுக்காரம்மா.
வெற்றிலையில் ஏழு மிளகு வைத்து மெல்லச் சொன்னார்.
கடித்தது எதுவென்று தெரியாததால் அந்தப் பெயர்.

பெரியாஸ்பத்திரியில் தோல் வரிசை
சுவரோரமாக வளைந்து நின்றது.
எனக்கு முன்னால் ஒரு கொத்தனார்,
சிமெண்ட் தின்ற விரல்கள்.
டாக்டர் என்னைவிடச் சின்னவர். பேனா மூடியால்
என் முன்கையில் ஒரு கோடு இழுத்தார்.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்,
அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி.
சிவந்து, தடித்து,
கோடு எழுந்து நின்றது.

"என்ன வேலை பாக்குறீங்க?"
குழுக்கடன் வசூல்.
"எந்தக் கிழமை அதிகமா வருது?"
மாத்திரை எழுதிக்கொண்டேதான் கேட்டார்.
எனக்குத்தான் தொண்டை அடைத்தது.
செவ்வாய் ராத்திரி, என்றேன்.
புதன் காலை ஏழு மணிக்கு
வாடிப்பட்டி தாண்டி எனக்கு சென்டர்.

இரண்டாம் சனிக்கிழமை வருவதில்லை.
மேனேஜர் ரெக்ஸ்லின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன வாரம்
வரவேயில்லை.
மற்ற நாட்களில் வாட்ஸப்பில்
ஒற்றைக் கேள்விக்குறி அனுப்புவார்.
அது வந்து சேரும் நேரம் தொடையில் ஒன்று,
இடுப்பு நாடா பதிந்த வட்டத்தில் ஏழெட்டு.
நான் தைரியசாலி என்றுதான் நினைத்திருந்தேன்.
தோலிடம் யாரும் அதைச் சொல்லவில்லை போல.

அந்தப் புதன்
ஆயிரத்து இருநூற்று நாற்பது குறைந்தது.
ஜெயக்கொடியின் தவணை.
கோரைப்பாயில் பதினொரு பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் ஒருத்தியும் எழக்கூடாது.
அதை வாசித்துக் காட்டுவது என் வேலை, வாசித்தேன்.
பால்காரர் வந்து போனார்.
பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.
யாரும் அவளைத் திட்டவில்லை.
பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்தார்கள்.

ஆவணிப் புழுக்கத்தில் அவள்
முந்தானையைக் கழுத்துவரை போர்த்தியிருந்தாள்.
காது மடலுக்குக் கீழே ஒரு தடிப்பு
அதையும் மீறி வெளியே வந்திருந்தது.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
என் வலது கை அப்போது
சுடிதாரின் இடது கைக்குள் இருந்தது, நகத்தோடு.

"ஒங்களுக்குமா மேடம்?"

பதில் சொல்லவில்லை.
கணக்கு நோட்டைத் திருப்பினேன், அதே பக்கத்துக்கு.

பத்தேகாலுக்குப் பணம் வந்தது.
எப்படி என்று நான் கேட்கவில்லை.
காதில் தோடு இருந்த இடத்தில்
வேப்பங்குச்சி இருந்தது, பச்சையாக.

வண்டியை எடுக்கும்போது
மாத்திரை அட்டையைப் பாதியாய் மடித்து ஒடித்தேன்.
ராத்திரி ஒண்ணு போடுங்க, தூக்கம் வரும்.
"இதுக்கும் வட்டி உண்டா?" என்றாள்.
பஞ்சவர்ணம்தான் முதலில் சிரித்தாள்,
பிறகு எல்லோரும், பிறகு நான்.
சிரிப்பு அடங்கியதும் எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ராத்திரி, விளக்கை அணைத்தபின்,
பேனா மூடியால் முன்கையில் எழுதிப் பார்த்தேன்:
1240.
நாலு எண்ணும் எழுந்து வந்தன,
அச்சடித்த ரசீது போல.
செல்போன் வெளிச்சத்தில் காத்திருந்தேன்.
ஒன்று முதலில் மறைந்தது.
சைபர் வெகுநேரம் நின்று
கடைசியாக அடங்கியது.
மாத்திரையை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
செவ்வாய்க்கு இன்னும் ஆறு நாள்.