செவ்வாய்க் கிண்ணம்

எண்ணுகிறவன் நான்.
அனோமாபு மெதடிஸ்ட் ஆலயத்தில்
பதினோரு வருடமாகக் காணிக்கை எண்ணுகிறவன்.
ஞாயிறு எண்ணியதைத் திங்களன்று
மான்கெசிம் வங்கிக்குக் கொண்டுபோவேன்.
நாணயமெல்லாம் புகைமீன் வாசம்.
காசாளர் பெண் என் பையைக் கண்டதும்
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிடுவாள்.

இங்கே பிறந்த கிழமைதான் பேர்.
வெள்ளியில் பிறந்தவன் கோஃபி,
ஞாயிறில் பிறந்தவள் எசி,
நான் எகோ, வியாழன்.
பீடத்துக்கு முன்னால் ஏழு பித்தளைக் கிண்ணங்கள்.
கிழமை கிழமையாக அழைப்போம்.
எக்காளக்காரர்கள் கன்னம் உப்ப ஊத
கைக்குட்டை வீசி ஆடிக்கொண்டு வருவார்கள்.
எந்தக் கிழமை அதிகம் போட்டதென்று
கடைசியில் நான் அறிவிப்பேன்.
வெள்ளிக்காரர்களில் ஒரு வக்கீல் இருக்கிறார்.
வெள்ளிதான் ஜெயிக்கும்.

செவ்வாய் எப்போதும் கடைசி.
செவ்வாயன்று இந்தக் கரையில் படகு இறங்காது;
கடலுக்கு அது ஓய்வு நாள்.
நற்செய்தி வருவதற்கு முந்திய விதி,
வந்த பிறகும் போகவில்லை.
"கடல் தூங்கும்போது பிறந்தவர்கள்
கையில் என்ன இருக்கும்?" என்று
பின்வரிசை சிரிக்கும்.

அராபா க்வான்சிமா செவ்வாய்க்காரி.
மீன் புகைப்பவள்.
அவள் அடுப்பருகே ஒரு பால்மாவு டப்பா.
முதல் கூடை விற்றதில் முதல் சேடி அதற்குள்.
விறகுக்காரனுக்கு அப்புறம்தான்.
மகனின் பள்ளிக்கூடத்துக்கு அப்புறம்தான்.
தனக்கு, அதற்கும் அப்புறம்.

ஒருநாள் கேட்டேன்:
மிச்சத்தில் கொடுத்தால் போதாதா?
"மிச்சம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லையே, எகோ.
பார்க்காததை எப்படிக் கொடுப்பது?"

எனக்குக் கோபம்கூட உண்டு, அவள்மேல் இல்லை.
ஒழுகும் கூரைக்கும் புது ஆர்கனுக்கும்
போதகர் வண்டியின் டயருக்கும்
இவள் டப்பாதானா கிடைத்தது?
பேரேட்டில் வரவுக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒரு பத்தி.
கோபத்தை எழுத இடமில்லை.

ஜூலையில் அரசாங்கம் கடலைப் பூட்டியது,
மீன் பெருகட்டுமென்று ஒரு மாதம்.
படகுகள் மணலில் குப்புறக் கிடந்தன.
புகையில்லாத கரை
முதல் நாலு நாள் அழகாகக்கூட இருந்தது,
வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இரண்டாம் ஞாயிறு
செவ்வாயை அழைத்தேன்.
எட்டுப் பேர் எழுந்தார்கள்.
ஆடவில்லை, நடந்தார்கள்.
அவர்களுக்குப் பின்னால் அராபா,
ஆடிக்கொண்டு.
மூடிய கை கிண்ணத்துக்குள் போயிற்று,
திறந்து வெளியே வந்தது.
சத்தம் இல்லை.
பித்தளை பொய் சொல்லாது.

வக்கீல் பார்க்கவில்லை. போதகர் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

வாசலில் பிடித்துக்கொண்டேன்:
உட்கார்ந்தே இருந்திருக்கலாமே?
"காசு இருந்தபோது காசு முதலில் போயிற்று.
இல்லாதபோது நான் போனேன்.
வரிசை மாறக்கூடாது பார்."
பிறகு, குரலைத் தாழ்த்தாமலே:
"உதவி நிதியில் அரிசி இருக்கிறதல்லவா?
எனக்கு ஒரு மூட்டை எழுது.
முழு மூட்டை. என்ன பார்க்கிறாய்?
என் வீட்டில் நான் கேட்காமல்?"

எழுதினேன்.
அவளே தலையில் தூக்கிக்கொண்டு போனாள்.

மாலையில் தனியாக உட்கார்ந்து எண்ணினேன்.
செவ்வாய்: பதினாலு சேடி.
வெள்ளி: வழக்கம்போல்.
வியாழன் கிண்ணத்தின் அடியில்
நாலாக மடித்த இரண்டு சேடி நோட்டு ஒன்று.
மடித்த கை எனக்குத் தெரியும்.
சட்டைப்பையில் இருந்த ஐந்து நோட்டில்
எது நைந்தது என்று
தடவிப் பார்த்தே தேர்ந்தெடுத்த கை.
பிரித்து நீவினேன்.
மடிப்பு போகவில்லை.

திங்களன்று வங்கி.
பையை வைத்தேன்.
காசாளர் பெண் மூக்கைச் சுருக்கத் தயாராகி
நிறுத்திக்கொண்டாள்.
"இன்றைக்கு வாசனையே இல்லையே!"
ஒரு மாதம் இப்படித்தான், என்றேன்.
மின்விசிறி அவள் பக்கமே நின்றது.
எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.